பொய்க்கு மட்டும் அடிப்பவள்

நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒரு ஆளை அடித்துக்கொண்டிருந்தாள். கோவிலம்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் எந்தக் கோடையிலும் காயாத சேறு. சேற்றில் ஒரு தண்ணீர் லாரி. லாரி டயரோடு ஒரு டிரைவரைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு பளார் பளாரென்று அறைந்துகொண்டிருந்தாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியிருந்தது. அவளைவிட உயரமான ஆள், கையைக்கூடத் தூக்கவில்லை. வேலை கேட்டுப் போன நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அடித்து முடித்ததும் அவள் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்து, "நாஸ்டா துன்னியா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேங்க்கா" என்றேன். சாப்பிடவில்லை. பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூஞ்சி வாடிப்போய்க் கீது, துன்னேன்ற. மொத நாளுன்றதால வுட்றேன்" என்றாள். பிறகு கொட்டகைக்குள் உட்கார வைத்து, தனக்கென்று வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். வடகறியும் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு தின்றேன். அன்றைக்கே வேலையிலும் சேர்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் குரோம்பேட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு, அம்மாவின் முணுமுணுப்பைவிட இந்த அறைச் சத்தம் பரவாயில்லை என்று பட்டது.

அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. டிரைவர்கள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கள், தண்ணீர் கேட்டுப் போன் செய்யும் மாமிகள் எல்லோருக்கும் அவள் அக்காதான். மரியாதையில்லாமல் 'அவள்' என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டு இட்லி கொடுத்தவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா எதற்கெல்லாம் அடிப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. லாரியை எங்கேயாவது இடித்துக்கொண்டு வந்தவனை அடிக்க மாட்டாள். லோடைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தவனை அடிக்க மாட்டாள். குடித்துவிட்டு வந்தவன் "குடிச்சிட்டேங்க்கா" என்று சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "போய்ப் படு, நாளைக்கு வா" என்பாள். "குடிக்கலக்கா" என்றால் தீர்ந்தது கதை. பொய்க்கு மட்டும்தான் அந்தக் கை எழும்பும். எழும்பிவிட்டால் யாருடைய கன்னம் என்று பார்க்காது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போனபோது, ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்காமலே வைத்ததாகச் சொன்ன தன் சொந்தத் தம்பியை மலைப்படியிலேயே வைத்து அறைந்தாள். அவன் கையில் பூத்தட்டு வேறு. தட்டு படிப்படியாக உருண்டு கீழே போனது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். "நீங்க இன்னாத்துக்கு நிறுத்றீங்க, வாசிங்க" என்றாள்.

அவளும் பொய் சொல்ல மாட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் லாரி நடத்துகிற எல்லோருக்கும் வாயில் தயாராக இருக்கும் "இதோ வந்துகிட்டே இருக்கு" என்ற வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னிக்கு வராதும்மா. குளிக்காத, நாளைக்குக் குளி" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். ஒரு கோடையில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் அவளே போன் செய்து, "கலீஜா கீது, வாய்ல வெக்காத, கக்கூஸுக்கு மட்டும் ஊத்து" என்றாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே மேடவாக்கம் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளையெல்லாம் பிடித்து வைத்திருந்தாள்.

அதில் ஒரு குடியிருப்பின் செயலாளர், ரிட்டயரான பெரிய அதிகாரி, லாரி பாதிதான் நிரம்பி வந்தது என்று எங்களுக்கு மெசேஜ் அனுப்பினார். லாரி இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அக்கா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். "ஏறிப் பாரு சார்" என்று லாரி ஏணியைக் காட்டினாள். அவர் முடியாது என்றார். பிடரியைப் பிடித்து ஏற்றினாள். மேலே போய் மூடியைத் திறந்து, அவர் தலையை உள்ளே வைத்து அழுத்தினாள். "இன்னா தெரிது? சொல்லு சார், இன்னா தெரிது?" டாங்கிக்குள்ளிருந்து அவர் குரல் மோதி மோதி வந்தது: "ஃபுல்லா இருக்கும்மா, ஃபுல்லா இருக்கு." இறங்கி வந்தபோது அவர் நெற்றி இரும்பில் உரசித் தோல் போயிருந்தது. மூக்குக்கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது. புதுக் கண்ணாடியை அவளே வாங்கிக் கொடுத்தனுப்பினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே அவளாகச் சொன்னாள். "நா வலில துடிச்சினு கீறேன். எம் புருசன் போன்ல, தோ பல்லாவரம் வந்துட்டேன், தோ ரேடியல் ரோடு திரும்பிட்டேன்றான். சரி, வந்துடுவான்னு வந்த ஆட்டோவத் திருப்பி அனுப்சிட்டேன். அவன் காஞ்சிபுரத்துல எவ வூட்லயோ குந்தினு கீறான். கொழந்த உள்ளயே பூட்ச்சு." ஒரு வாய் சாப்பிட்டாள். "வந்தான். அடிச்சேன். அதான் மொத அடி. பல்லு வுழுந்துட்ச்சு."

இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன்பும் அந்தக் கை சும்மா இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் போனை எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஏன் எப்போதும் "எங்க கீற?" என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. டிரைவர்களுக்கும் அந்தக் கேள்விதான் எமன். டீக்கடையில் நிற்பவன் சிக்னலில் நிற்கிறேன் என்பான். வேளச்சேரியில் இருப்பவன் பள்ளிக்கரணை என்பான். அவள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். சாயங்காலம் லாரி உள்ளே நுழையும்போது அவள் வாசலில் நின்றால் யாருக்கோ கன்னம் பழுக்கப்போகிறது என்று அர்த்தம்.

இந்த அடிதடிக்கு ஒரு முடிவு கட்டத்தான் அந்த வெப் பக்கம் வந்தது. அக்காவின் அக்கா மகன் ஒருவன் இன்ஜினியரிங் படித்தவன், பெங்களூருக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் அவளுக்காக ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தான். டிரைவர்கள் காலையில் தங்கள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணாடியோரம் மாட்டிவிட வேண்டும். போனில் இருக்கும் பிரவுசர் அவர்கள் இருக்குமிடத்தை எடுத்துக் கொடுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் எல்லாம் தெரிகிற படத்தின் மேல் பச்சைப் பச்சையாகக் குட்டி லாரிகள் ஊர்ந்து போகும். அக்கா அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது ஒண்ணுதான் பீலா வுடாது" என்று மானிட்டரின் தலையில் தட்டினாள். அந்த மாதங்களில் அவள் கைக்கு வேலை குறைந்துபோனது. டிரைவர்களும் பொய் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது.

அந்தோணி அண்ணனுக்கு மட்டும் அந்தப் பக்கம் தேவையே இருந்ததில்லை. எங்கள் லாரிகளில் பெரியதை ஓட்டியவர். உள்ளூர்க்காரர். பயத்தால் அல்ல, வேறு மாதிரி பேசத் தெரியாததால் உண்மை பேசுகிற மனிதர். ஒருமுறை பின்னால் எடுக்கும்போது ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டார். வீட்டில் ஆள் இல்லை, தெருவில் ஈ காக்கை இல்லை. அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் செய்து, "செவுத்த இட்ச்சிட்டேங்க்கா, நீ வந்து பாரு" என்றார். அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. கூட நின்று "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்ற இன்னொரு டிரைவருக்குத்தான் கிடைத்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டருக்கும் வைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, அக்கா எல்லோர் முன்னாலும் அந்தோணி அண்ணன் கையில் ஒரு புதுப் போனைக் கொடுத்தாள். டப்பாவில் இருந்து பிரிக்காத போன். "நீ ஒருத்தன்தான்டா எனக்கு பீலா வுடாதவன்" என்றாள். அண்ணன் வெட்கப்பட்டுப் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் கையில் அதே பழைய போன்கள்தான், கண்ணாடி விரிசல் விட்டவை, வாங்கிய நாளிலிருந்து எதையும் அப்டேட் செய்யாதவை.

மறுநாள் காலையில் எல்லா லாரியும் திரையில் ஊர்ந்தன, அந்தோணி அண்ணன் லாரியைத் தவிர.

நெட்வொர்க்காக இருக்கும் என்று நினைத்தோம். அடுத்த நாளும் வரவில்லை. அண்ணனே கொட்டகைக்குள் வந்து போனை நீட்டினார். "லொகேசன் ஆன்லதான் கீதுக்கா, பாரு." அக்கா வாங்கிப் பார்த்தாள். ஆனில்தான் இருந்தது. மேப்பைத் திறந்தாள். கோவிலம்பாக்கத்தில் எங்கள் சந்தைச் சரியாகக் காட்டியது. எங்கள் பக்கத்தைத் திறந்தாள். 'இருப்பிடம் கிடைக்கவில்லை' என்றது. அக்கா மேப்பை மறுபடி திறந்தாள், பக்கத்தை மறுபடி திறந்தாள். "இதுல வருது, நம்ம பக்கத்துல மட்டும் வராதா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "நா எதையும் நோண்டலக்கா" என்றார் அண்ணன். வெளியே ஒரு டிரைவர், "புதுப் போன் வந்ததும் அண்ணனுக்குப் புது ரூட் வந்துட்ச்சு" என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

அதற்கடுத்த நாள் மேடவாக்கம் குடியிருப்புக்குப் போக வேண்டிய லோடு மத்தியானம் தாண்டியும் போய்ச் சேரவில்லை. அக்கா போன் செய்தாள். "எங்க கீற?"

"பள்ளிக்கரணைக்கா. ரோட்டத் தோண்டிப் போட்டு வெச்சிக்கிறான். வண்டி நவுரவே இல்ல."

திரையில் அவர் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடிக்க வந்த வேறு கம்பெனி ஆள் ஒருவன், பல் குத்திக்கொண்டே, "உன் பெரிய வண்டிய ஏதோ கட்டட சைட்டுல பார்த்தேனேக்கா, லோடு எறங்கினு இருந்துச்சே" என்று போட்டுவிட்டுப் போனான். அவன் எதற்குச் சொன்னானோ, இன்று வரை எனக்குத் தெரியாது. அவன் நாசமாய்ப் போக.

அந்தோணி அண்ணன் லாரியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி இறங்கும்போதே அக்கா அங்கே நின்றாள். மற்றவர்களை வெறுங்கையால்தான் அடிப்பாள். அன்றைக்கு அவள் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. "எங்க கொட்ன?" என்றாள். "எங்கயும் கொட்லக்கா, மேடவாக்கத்துலதான்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, முதல் அடி தோளில் விழுந்தது. "பொய் சொல்லாத." இரண்டாவது விலாவில். "நீயுமா, நீயுமா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். ஒரே உதறலில் என்னைச் சேற்றில் தள்ளினாள். அண்ணன் தலையைக் காக்க வலது கையைத் தூக்கினார். ஸ்பேனர் முழங்கைக்குக் கீழே இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவர் கத்தவில்லை, "இல்லக்கா, இல்லக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே சேற்றில் உட்கார்ந்து, வாந்தி எடுத்தார். டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளை இழுத்துப் பிடித்தார்கள். இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தால் ஆள் செத்திருப்பார்.

அவரை ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா கொட்டகைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். முகத்தில் சேறு தெறித்திருந்தது. "அவனே பொய் சொல்லிட்டான்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்கு அப்படியொரு ஆத்திரம். ஈரச் சுடிதாரோடு மூலையில் உட்கார்ந்து, என் சொந்தப் போனில் டிரைவர்கள் திறக்கிற அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் போனும் புதுசுதான், லொகேஷனும் ஆனில் இருந்தது. என்னையும் காட்டவில்லை. அனுமதி தரவா என்று கேட்கிற பெட்டிகூட வரவில்லை. மேலே முகவரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பாதுகாப்பற்றது' என்று இருந்தது. எத்தனை பேர் எத்தனை நாள் பார்த்திருப்போம், ஒருவரும் படித்ததில்லை.

பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"முகவரிக்கு முன்னால ஒரு பூட்டுப் படம் வரும்ல, அந்தப் பூட்டு நம்ம பக்கத்துக்கு இல்ல மேடம்" என்றான் அக்காவின் அக்கா மகன், சாவகாசமாக. "இப்ப வர்ற பிரவுசர் எதுவும் பூட்டு போடாத பக்கத்துக்கு ஆள் இருக்கிற இடத்தைக் குடுக்காது. உங்க பழைய போன்ல பிரவுசரும் பழசு, அதனால ஓடிட்டு இருக்கு. ஏன், யாராவது புதுப் போன் வாங்கிட்டாங்களா?"

"மேப்ல மட்டும் வருதே?"

"அது தனி ஆப் மேடம், அது வேற. இது வெப் பக்கம். பூட்டு இல்லன்னா போற வழியில எவன் வேணா ஒட்டுக் கேட்கலாம். ஒரு ஆள் எங்க இருக்கான்ற விஷயம் தப்பான ஆள் கைக்குப் போனா அடி உதைன்னு ஆயிடும்ல, அதுக்குத்தான் அப்படி வெச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அல்லது அழுகை வந்தது. "உன் சித்தி அந்தோணி அண்ணன் கையை உடைச்சிட்டாங்க" என்றேன். "பூட்டு இலவசம்தான் மேடம்" என்றான் பிறகு, குரல் இறங்கிப்போய். "இப்பவே போட்டுப் புது லிங்க் அனுப்பறேன்."

நான் எழுந்து போய் என் போனை அக்கா முகத்துக்கு நேராக நீட்டினேன். "என் போன். லொகேஷன் ஆன். நான் உங்க எதிர்ல நிக்கிறேன். பாருங்க, என்னையும் இல்லைன்னுதான் சொல்லுது. நானும் எங்கயாவது லோடு கொட்டிட்டு வந்துட்டேனா?"

அறைந்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். காதுக்குள் விசில் அடித்தது. எனக்கும் கை எழும்பியது, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். "இன்னொண்ணு அடிச்சாலும் இதுதான் உண்மை" என்றேன். "அவரு பொய் சொல்லல, மேடவாக்கத்துல கேட்டுட்டேன், லோடு வந்துடுச்சாம். நீங்க குடுத்த புதுப் போன்தான் சொல்ல மாட்டேன்னுச்சு. உங்க அக்கா பையனே சொல்றான், வேணும்னா அவனையும் போய் அடிங்க."

புது லிங்க் வந்தது. டிரைவர்கள் குரூப்பில் போட்டு, 'இதை அமுக்கி அனுமதி கொடுங்கள், பழையதை இனிமேல் திறக்காதீர்கள்' என்று எழுதினேன். அந்தோணி அண்ணனும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார், எனக்கு அது நினைவில்லை. ஒவ்வொரு லாரியாகத் திரைக்கு வந்தது. ஒன்று கீழ்க்கட்டளையில், ஒன்று எங்கள் சந்திலேயே. கடைசியாக ஒன்று, ஜி.எஸ்.டி. ரோட்டோரம், குரோம்பேட்டையில், அரசு ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்த இடத்தின் மேல் வந்து நின்றது. இடது கையால் அமுக்கியிருக்கிறார். அந்த நிலைமையிலும் அவருக்கு அமுக்கத் தோன்றியிருக்கிறது.

அக்கா அந்தப் பச்சை லாரியைப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். இன்னும் என்றாள். கட்டடத்தின் மூலை தெரிகிற வரைக்கும் பெரிதாக்கினேன். அது நகரவேயில்லை. அவள் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ரேடியல் ரோடு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். பல்லாவரம் பாலத்துக்கு அடியில் குறுக்கே வந்த ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

வார்டில் அந்தோணி அண்ணன் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். கையை அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சட்டை கழற்றியிருந்ததால் விலாவில் ஸ்பேனர் பட்ட இடம் கருநீலமாகத் தெரிந்தது. அவர் மனைவி எஸ்தர் தலைமாட்டில் நின்றிருந்தாள். அக்காவைக் கண்டதும் முடியைப் பிடித்து இழுப்பாள், செருப்பைக் கழற்றுவாள் என்றுதான் நான் நினைத்தேன். எஸ்தர் என்னைத் தனியே ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "எலும்பு சேருமாம், ஆனா ஸ்டீரிங் முன்ன மாரி பிடிக்க வராதுன்றாங்க" என்றாள். "நாங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். வேலைய மட்டும் எடுத்துட வாணாம்னு அக்காகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. வண்டி கழுவுற வேலயாவது குடுக்கச் சொல்லு." எஸ்தர் அக்காவை அடித்திருந்தால்கூடத் தேவலாம்போல் இருந்தது. இதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அடிபட்டு வருகிறவர்களை விசாரிக்கிற ஏட்டு அப்போது வந்தார். கட்டில் விளிம்பில் நோட்டை வைத்துக்கொண்டு, "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

அந்தோணி அண்ணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "வண்டி மேல ஏறி மூடி போட்டேன் சார். வழுக்கிட்ச்சு. கீழ வுழுந்துட்டேன்" என்றார். தப்பும் தவறுமாகச் சொன்னார், பழக்கமில்லாத ஆள்.

ஏட்டு எழுத ஆரம்பித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் வலது கை இடுப்பிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. படுபாவி, கை உடைந்து கிடக்கிறவரை மறுபடி அடிக்கப்போகிறாள் என்று பதறி ஓடினேன். அதற்குள் அந்தக் கை ஏட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"எழுதாத சார். பீலா வுடறான்" என்றாள். "நாந்தான் அடிச்சேன். ஸ்பேனரால அடிச்சேன்."

"ஐயோ அக்கா, வாணாம்க்கா" என்று எஸ்தர் வாயில் அடித்துக்கொண்டாள்.

ஏட்டுக்கு எரிச்சலாகிவிட்டது. "இன்னாம்மா நீ? அவனே வுழுந்தேன்றான். உனக்கு இன்னா வந்துச்சு, கம்னு போவியா."

அக்கா பேனாவை விடவில்லை. அவள் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஜென்மத்துல பொய் சொல்லாதவன் சார் இவன். நா அடிச்சு இவனப் பொய் சொல்ல வெச்சிட்டேன். அத நீ எழுதிடாத சார்."

ஏட்டு பேனாவை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டார். பிறகு அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா? வுழுந்தியா, அடிச்சாங்களா?"

எஸ்தர் அவருடைய நல்ல கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முதன்முறையாக அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"அடிச்சாங்க சார்" என்றார்.